அண்டை நாட்டுப் போராட்டத்துக்கு இணையத்தில் தோள்கொடுப்பது எப்படி?

2020 ஏப்ரலில், ஹாங்காங்கைத் தனி நாடுபோலக் குறிப்பிட்ட ஒரு ட்விட்டர் பதிவுக்குத் தாய்லாந்து நடிகர் ஒருவர் விருப்பக்குறி போட்டார். சீனத் தேசியவாதக் கணக்குகள் அவர்மீது பாய்ந்தன. அவர் மன்னிப்புக் கேட்ட பிறகும் அடங்காமல், தாய்லாந்து அரசையும் ஏசத் தொடங்கின. ஏற்கெனவே தங்கள் அரசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தாய்லாந்து இளைஞர்களுக்கு அந்த வசை உறைக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே ஆமோதித்தார்கள். ஹாங்காங், தைவான் பயனர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். மூன்று இடங்களிலும் பால் சேர்த்த தேநீர் பிரபலம் என்பதால் ‘மில்க் டீ அலையன்ஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்நாட்டு இளைஞர்களும் அதே ஹேஷ்டேக்கின் கீழ் வந்தார்கள். அந்த ஏப்ரலில் ட்விட்டர் இந்தக் கூட்டணிக்கென ஓர் எமோஜியை வெளியிட்டது. ஓராண்டில் 1.1 கோடிக்கும் அதிகமான பதிவுகள் வந்திருந்ததாகவும் அறிவித்தது.

இதற்குத் தலைவர் கிடையாது, அலுவலகம் கிடையாது, உறுப்பினர் பட்டியலும் கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் உதவலாம். யார் வேண்டுமானாலும் கெடுக்கவும் செய்யலாம். வெளியிலிருந்து ஆதரவு தருபவர் தவறு செய்தால் அவருக்குப் போவது ஒரு கணக்கு. களத்தில் இருப்பவருக்குப் போவது பல ஆண்டுச் சிறைவாழ்வு. எனவே கீழே உள்ள ஒவ்வொரு வேலையிலும் ஆபத்தை உங்கள் பக்கத்திலிருந்து கணக்கிடாதீர்கள். அந்தச் சங்கிலியில் மிக அதிக ஆபத்தில் இருப்பவர் யாரோ, அவர் பக்கத்திலிருந்து கணக்கிடுங்கள்.

சட்டத்தை முதலில் படியுங்கள்

எந்த நாட்டுக்குக் குரல் கொடுக்கிறீர்களோ, அங்கே எந்தப் பிரிவில் ஆளைப் பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு வரிகூடப் பதிவிட வேண்டாம்.

தாய்லாந்தில் குற்றவியல் சட்டத்தின் 112ஆவது பிரிவு. மன்னரை அவமதித்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு செயலுக்கும் 3 முதல் 15 ஆண்டுகள். பதிவுகளைத் தனித்தனியாக எண்ணித் தண்டனையைக் கூட்டுவார்கள். 2021 ஜனவரியில், ஒலிப்பதிவுகளை இணையத்தில் பகிர்ந்ததற்காக ஒரு பெண்ணுக்கு 87 ஆண்டுகள் விதித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதால் பாதியாகக் குறைத்தார்கள். அந்தப் பாதியே நாற்பத்து மூன்றரை ஆண்டு. மியான்மரில் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு சேர்க்கப்பட்ட 505-அ பிரிவுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஹாங்காங்கில் 2020 ஜூன் 30 அன்று நடைமுறைக்கு வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, ஹாங்காங்வாசி அல்லாதவர் வெளிநாட்டிலிருந்து செய்யும் செயலுக்கும் பொருந்தும் என்கிறது. அங்கே போகவோ அந்த வழியாக விமானம் மாறவோ நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நம் பக்கத்திலும் பாதுகாப்பு உறுதியில்லை. 2021 பிப்ரவரியில், விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவாக இணையத்தில் பகிரப்பட்ட ஒரு ‘டூல்கிட்’ (போராட்ட வழிகாட்டி) ஆவணத்துக்காகப் பெங்களூருவில் 22 வயதுச் சூழலியல் செயற்பாட்டாளரை டெல்லி காவல்துறை கைது செய்தது. அந்த மாதம் 23ஆம் தேதிதான் பிணை கிடைத்தது. இலங்கையில் 2024 முதல், இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (Online Safety Act) நடைமுறையில் இருக்கிறது.

நடைமுறையில் ஒரே ஒரு சோதனை போதும். உங்கள் பதிவை ஒரு விசாரணை அதிகாரி அச்செடுத்து மேசையில் வைத்தால் அதில் யார் பெயர், யார் முகம், யார் கணக்கு இருக்கும்? அந்நாட்டில் இருப்பவர் ஒருவர் அதில் இருந்தால், அவர் கேட்டுக்கொண்டால் ஒழிய வெளியிடாதீர்கள். ‘நலமா, பத்திரமா?’ என்று பொதுவெளியில் டேக் செய்து விசாரிப்பதும் இதில் அடக்கம். அக்கறையில் செய்வதுதான். ஆனால் அவர் யாரோடு தொடர்பில் இருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

கணக்கும் கைபேசியும்

இந்த வேலைக்குத் தனிக் கணக்கு, அதற்குத் தனி மின்னஞ்சல். குடும்பப் படம் இருக்கும் கணக்கிலிருந்து செய்யாதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தி வழியாக வைக்காமல் ஆதென்டிகேட்டர் செயலியில் வையுங்கள். தொலைபேசி நிறுவனம் அரசின் பிடியில் இருக்கும் நாட்டில் குறுஞ்செய்தியை இடைமறிப்பது எளிது.

உரையாடலுக்கு சிக்னல் செயலி போதும். பயனர்பெயர் அமைத்து, எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள். மறையும் செய்திகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். களத்தில் இருப்பவரோடு பேசும் குழுவுக்கு ஒரு நாள். மியான்மரில் தெருவில் நிறுத்திக் கைபேசியைத் திறந்து பார்க்கும் வழக்கம் உண்டு. நீங்கள் ‘பார், உன் படம் இவ்வளவு பேர் பகிர்ந்திருக்கிறார்கள்’ என்று திருப்பி அனுப்பியது அவர் கைபேசியில் உட்கார்ந்திருந்தால் என்னாகும் என்று யோசியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் எல்லா உறுப்பினருக்கும் தெரியும். டெலிகிராம் குழுக்களும் சேனல்களும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிவது) செய்யப்பட்டவை அல்ல. அங்கே அதைத் தருவது தனி ‘ரகசிய உரையாடல்’ மட்டுமே. ஆகவே டெலிகிராமை அறிவிப்புப் பலகையாக மட்டும் பயன்படுத்துங்கள்.

கூட்டாக எழுதும் கூகுள் ஆவணத்தில் உரிமையாளரின் பெயரும் திருத்த வரலாறும் தங்கிவிடும். மேலே சொன்ன டூல்கிட் வழக்கில் ஆவணத்தை யார் திருத்தினார்கள் என்பது விசாரணையில் முக்கிய இடம் பெற்றது. கிரிப்ட்பேட் போன்ற மறையாக்கக் கருவியில் எழுதி, முடிந்ததும் வெறும் உரையாக நகலெடுத்து வெளியிடுங்கள்.

படமும் காணொளியும்

அதிகம் தப்பு நடக்கும் இடம் இது.

வந்த படத்தை உடனே பகிராதீர்கள். கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ ஆகிய மூன்றிலும் தேடுங்கள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். காணொளியாக இருந்தால் நாலைந்து சட்டகங்களைத் திரைப்பிடிப்பு எடுத்து அவற்றைத் தேடுங்கள். பழைய கலவரத்தின் படம் புதிய நாட்டின் பெயரில் வருவதுதான் வழக்கமான ஏமாற்று. பிறகு படத்துக்குள்ளேயே பாருங்கள்: கடைப் பலகையின் எழுத்து எந்த மொழி, வாகனப் பதிவெண் எந்த வடிவம், காவலர் சீருடை எந்த நாட்டுடையது, நிழல் சொல்லப்பட்ட நேரத்தோடு ஒத்துப்போகிறதா, அன்று அங்கே மழையா. ஒரு பொய்ப்படம் போதும், எதிர்த்தரப்பு அதைக் காட்டியே நூறு உண்மைப் படங்களையும் தள்ளிவிடும்.

உண்மை என்று உறுதியானதும் முகங்களை மறையுங்கள். மங்கலாக்குவதைவிடக் கெட்டியான கறுப்புக் கட்டம் பாதுகாப்பானது. கைபேசியின் ஹைலைட்டர் பேனாவால் பூசினால், வெளிச்சத்தைக் கூட்டி அடியில் இருப்பதைப் பார்த்துவிடலாம். முகத்தோடு நிறுத்தாதீர்கள். உடலில் குத்திய பச்சை, செருப்பு, பை, தலைக்கவசத்தில் ஒட்டிய படம், கடைக்கண்ணாடியில் விழும் பிம்பம், எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். காணொளியில் தானியங்கி மங்கலாக்கம் சில சட்டகங்களில் முகத்தைத் தவறவிடும், ஆகவே மெதுவாக ஓட்டி ஒரு முறை முழுவதும் பாருங்கள். குரலும் அடையாளம்தான். தேவையில்லையென்றால் ஒலியை நீக்குங்கள்.

அடுத்தது மெட்டாடேட்டா. கைபேசிப் படத்தில் எடுத்த நேரமும், இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். சிக்னல் அனுப்பும்போதே அதை நீக்கிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நீங்கும், ‘ஆவணம்’ என்று அனுப்பினால் அப்படியே போகும். டெலிகிராமில் ‘கோப்பு’ என்று அனுப்பினாலும் அதே கதை. படம் தெளிவாகப் போக வேண்டும் என்று கோப்பாக அனுப்புகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, ஓரங்களை வெட்டி, அந்தப் புதுப் படத்தைப் பகிர்வது எளிய வழி.

கூட்டம் கலைந்து மக்கள் வீடு சேர்ந்த பிறகே வெளியிடுங்கள். நேரலையை மறுபகிர்வு செய்யாதீர்கள். எந்தச் சந்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அது காவல்துறைக்கும் சொல்கிறது.

சான்றாகப் பாதுகாக்கும் வேலை இதற்கு நேரெதிர். அங்கே எதையும் வெட்டக் கூடாது. மூலக்கோப்பைத் தொடாமல் மறையாக்கிய வன்தட்டில் வைத்து, அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷைக் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில், யார் இறக்கினார் என்பதையும் எழுதுங்கள். பின்னாளில் கோப்பு மாற்றப்படவில்லை என்று நிரூபிக்க அந்த ஹேஷ் தேவைப்படும். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை இதற்கான முழு ஒழுங்கைத் தருகிறது. இறக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள், வன்முறைக் காணொளிகளைத் தளங்கள் தாமாகவே நீக்கிவிடும். ஒரு எச்சரிக்கை: தனிமனிதர் எழுதிய பதிவை வேபேக் மெஷின் போன்ற பொதுக் காப்பகத்தில் சேர்த்தால், பயந்து அவர் அழித்தாலும் அது அங்கே நிற்கும். பொதுக் காப்பகம் அரசு அறிவிப்புகளுக்கும் செய்திகளுக்கும் மட்டுமே.

மொழிபெயர்ப்பு

தமிழ் பேசுபவர்கள் உண்மையாகவே பெரிய அளவில் உதவக்கூடிய வேலை இது. மலேசியத் தமிழர்கள் மலாய் அறிந்தவர்கள். இந்தோனேசியச் செய்தியை அவர்களால் பெரும்பாலும் நேராகப் படிக்க முடியும். இலங்கைத் தமிழரில் பலருக்குச் சிங்களம் தெரியும். பர்மியம் அறிந்த தமிழர்களும் இருக்கிறார்கள். ஆங்கில நாளேடு எழுதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு செய்திக்கு இரண்டு பேர்: ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும் படித்து, தனக்குப் புரிந்ததைச் சொல்வார். இரண்டும் ஒத்துவந்தால் வெளியிடலாம். கணினி மொழிபெயர்ப்பைப் பர்மிய மொழிக்கு நம்பவே வேண்டாம். யார் யாரைச் சுட்டார் என்பதே தலைகீழாக வரக்கூடும்.

தேதிகளில் கண் வையுங்கள். தாய்லாந்து ஆவணத்தில் 2563 என்றால் 2020, புத்த ஆண்டிலிருந்து 543ஐக் கழிக்க வேண்டும். நேபாளத்தின் விக்ரம நாட்காட்டியில் ஆண்டு ஏப்ரல் நடுவில் மாறுகிறது. 2025இன் பெரும்பகுதி அங்கே 2082. பர்மியப் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லை. முன்னால் வரும் ‘ஊ’, ‘டோ’, ‘கோ’, ‘மா’ ஆகியவை மரியாதைச் சொற்கள். அவற்றைப் பெயரின் முதல் எழுத்தாகச் சுருக்கிவிடாதீர்கள். பழைய பர்மியப் பதிவுகள் ஸாஜி எழுத்துருவில் இருக்கும். அவை யூனிகோடு கைபேசியில் குழம்பித் தெரியும், முதலில் மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும்.

ஹேஷ்டேக் அலை

ட்ரெண்டிங் என்பது மொத்த எண்ணிக்கையைவிட வேகத்தைப் பார்க்கிறது. நாள் முழுக்கச் சிதறி வரும் பத்தாயிரம் பதிவுகளைவிட ஒரு மணி நேரத்தில் குவியும் சில ஆயிரம் மேலே போகும். அதனால் ஹேஷ்டேக்கை முன்கூட்டிப் பொதுவெளியில் விடாதீர்கள். மெல்ல மெல்லப் புழங்கிவிட்டால் பிறகு எழும் அலை திடீர் எழுச்சியாகத் தெரியாது. முந்தின நாள் மூடிய குழுக்களில் மட்டும் சொல்லி, குறித்த நிமிடத்தில் எல்லோரும் தொடங்குங்கள்.

நேரம் குறிப்பதில்தான் பாதிக் குழப்பம். இந்திய, இலங்கை நேரம் மாலை 7 என்றால் காத்மாண்டுவில் 7.15, யாங்கோனில் 8, பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் 8.30, ஹாங்காங், தைபே, மணிலா, கோலாலம்பூரில் 9.30, சியோலில் 10.30. 2021 பிப்ரவரியில் மியான்மர் வீடுகளில் இரவு 8 மணிக்குத்தான் பாத்திரங்களைத் தட்டினார்கள். அந்த நேரத்தோடு இணைத்த அலைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே துடிப்பு கிடைக்கும். இதைவிடப் பிந்தினால் கிழக்கில் தூங்கிவிடுவார்கள்.

ஒரு பதிவுக்கு ஒன்று அல்லது இரண்டு ஹேஷ்டேக் போதும், அதிகமானால் குப்பையாக எண்ணப்படும். இடைவெளியோ சிறுகோடோ வந்தால் அந்த இடத்தில் ஹேஷ்டேக் அறுந்துவிடும், அடிக்கோடு போடலாம். தமிழில் வைப்பதானால் உயிர்மெய்க் குறியிலும் புள்ளியிலும் அறுபடாமல் வருகிறதா என்று இரண்டு மூன்று செயலிகளில் சோதியுங்கள். எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மியான்மர், இலங்கையில் மியன்மார் என்று எழுதினால் அலை இரண்டாக உடையும்.

ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் ஒட்டினால் எக்ஸ் தளம் (முன்பு ட்விட்டர்) அதைச் செயற்கைப் பெருக்கமாகக் கருதி அமுக்கிவிடும். முப்பது நாற்பது வெவ்வேறு வாசகங்களைத் தயாரித்துக் கொடுங்கள், சொந்தமாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நீளத்தையும் கணக்கிடுங்கள். ஒரு பதிவுக்கான 280 அலகு வரம்பில் தமிழின் ஒவ்வொரு குறியும் ஓர் அலகு. ‘கொ’ இரண்டு, ‘க்’ இரண்டு. இணைப்பு ஒன்றுக்கு 23. சீனம், ஜப்பானியம், கொரியம் எழுத்துக்கு இரண்டு. ஆகத் தமிழில் இணைப்பும் ஹேஷ்டேக்கும் போக ஏறத்தாழ 25 சொல் தேறும்.

எதிர்த்தரப்பு வரும், அதற்கும் தயாராக இருங்கள். 2019 ஆகஸ்டில், ஹாங்காங் போராட்டத்தைக் குலைக்கச் சீனாவிலிருந்து இயக்கப்பட்டவை என்று 936 கணக்குகளை ட்விட்டர் வெளியிட்டது. அண்மையில் தொடங்கிய கணக்கு, திடீரென மொழி மாறியது, நேற்றுவரை விளம்பரம் மட்டும் போட்டது என்றால் பதில் சொல்லாதீர்கள். பதில் சொன்னால் அதற்கும் பார்வை கூடும். தடுத்துவிட்டு நகருங்கள். கோபத்தில் சீனர்களை இனமாகத் திட்டும் பதிவுகளைக் குழுவிலிருந்தே நீக்குங்கள். அதே அரசால் சிறையில் இருப்பவர்களில் சீனர்கள் இருக்கிறார்கள்.

பணமும் பொருளும்

2025 ஆகஸ்ட் 28 அன்று ஜகார்த்தா போராட்டத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாடகை ஓட்டுநர் காவல்துறைக் கவச வாகனத்தில் அடிபட்டு இறந்தார். அதன்பின் தென்கிழக்காசியா முழுவதிலிருந்தும் ஆட்கள் உணவுச் செயலியில் இந்தோனேசிய முகவரி போட்டு, சாப்பாடு வாங்கி, ‘இது உங்களுக்கே’ என்று ஓட்டுநர்களுக்குக் கொடுத்தார்கள். இதைச் செய்வதானால் முன்கூட்டியே அட்டையில் பணம் கட்டுங்கள். கையில் பணம் என்று போட்டால் ஓட்டுநர் தலையில் விழும். போராட்டம் நடக்கும் தெருவை முகவரியாகப் போடாமல் அமைதியான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பை இந்தோனேசிய மொழியில் எழுதுங்கள், இல்லையென்றால் அவர் வாசலில் வாங்க வராத ஆளுக்காகக் காத்துக் கிடப்பார்.

மியான்மருக்கு நேராகக் கைபேசிப் பணப்பையில் அனுப்புவதைத் தவிருங்கள், ராணுவ அரசு சந்தேகப்பட்ட கணக்குகளை முடக்கியிருக்கிறது. எங்கு அனுப்பினாலும் குறிப்புக் கட்டத்தில் போராட்டம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இந்தியாவில் உள்ள அமைப்பு வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். நல்லெண்ணத்தில் அனுப்பிய சிறு தொகைகூட அவர்களுக்கு வழக்காக மாறும்.

இணையத்தைத் துண்டித்தால்

மியான்மரில் 2021 பிப்ரவரி 4 அன்று ஃபேஸ்புக், மறுநாள் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும், அந்த மாதம் 15 முதல் இரவு 1 மணியிலிருந்து காலை 9 வரை இணையமே இல்லை. மார்ச்சில் கைபேசி டேட்டா போனது. இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்களை முடக்கியபோது விபிஎன் வைத்திருந்தவர்கள் தாண்டிவிட்டார்கள். தளங்களை மட்டும் முடக்குவது வேறு, இணையத்தையே வெட்டுவது வேறு. முதலாவதுக்கு விபிஎன், டார் (இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் வலையமைப்பு) உதவும். இரண்டாவதுக்கு இவை எதுவும் உதவாது. விபிஎன் செயலியை முடக்கத்துக்கு முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் மியான்மரில் கைபேசியில் விபிஎன் இருப்பதே இப்போது ஆபத்து, ஆகவே அதை நிறுவும்படி வெளியிலிருந்து யாரையும் நச்சரிக்காதீர்கள்.

வெளியே இருப்பவர் செய்யக்கூடியது: உலாவியில் ஸ்னோஃப்ளேக் நீட்சியை நிறுவித் திறந்து வையுங்கள். தடைக்குள் இருப்பவரின் டார் இணைப்பு உங்கள் கணினி வழியாக நுழையும். அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் முகவரி தெரியாது. உங்கள் நேரத்தில் நள்ளிரவிலும் கணினி ஓடினால் கூடுதல் பயன்.

துண்டிப்பு நேரத்தில் வதந்தி பெருகும். உள்ளேயிருந்து செய்தி வராத மணிநேரங்களில் வெளியே எழுதப்படும் ‘அவசரச் செய்தி’களை மறுபடி இணைப்பு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.

முடிவெடுப்பது யார்

2025 செப்டம்பர் 4 அன்று நேபாள அரசு 26 சமூக ஊடகங்களைத் தடுத்தது. 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், மறுநாள் பிரதமர் பதவி விலகினார். அடுத்து யார் என்ற விவாதம் டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஒரு குழுவில் நடந்தது. அங்கே முன்னிலை பெற்ற முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி 12ஆம் தேதி இடைக்காலப் பிரதமரானார். அத்தகைய திறந்த குழுவில் யாரும் நுழையலாம், வாக்களிக்கவும் முடியும். வெளிநாட்டு ஆதரவாளர்கள் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம். வாக்களிக்கக் கூடாது. கோரிக்கையை வகுப்பதும் அப்படியே, அவர்கள் ஐந்து கேட்டால் நாம் ஆறாவதைச் சேர்க்கக் கூடாது.

ஒரு நாட்டுப் போராட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே தரப்பு அல்ல என்பதையும் பதிவுகளில் காட்டுங்கள். 2021இல் மியான்மர் இளைஞர்கள் பலர் ரோஹிங்யாக்களுக்காக முன்பு பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்கள். 2022 மே 18 அன்று கொழும்பின் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து கஞ்சி பகிரப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகப் போராடிவந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை விட்டுவிட்டு ‘அரகலய’ எனப்படும் அந்தக் காலிமுகத்திடல் போராட்டத்தை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை. குழுவில் சிறுபான்மையினர் ஒருவராவது வரைவைப் பார்த்த பிறகே வெளியிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அலை ஓய்ந்த பிறகு வழக்குகள் தொடங்கும், அப்போது பார்ப்பவர் குறைவு. மியான்மரில் கைதானோர் விவரத்தை அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கம் தொடர்ந்து வெளியிடுகிறது. தாய்லாந்தின் 112 வழக்குகளை மனித உரிமைகளுக்கான தாய் வழக்கறிஞர்கள் அமைப்பு பதிவுசெய்கிறது. மாதம் ஒரு நாள் ஒதுக்கி இவ்விரண்டையும் தமிழில் தாருங்கள். தீர்ப்பு, மேல்முறையீட்டுத் தேதிகளைப் பகிர்ந்த நாட்காட்டியில் ஏற்றி, ஒவ்வொரு தேதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் வர முடியாவிட்டால் யார் என்பதையும் அதே கட்டத்தில் எழுதிவையுங்கள்.